ரசிகர் மன்றத்துக் கிடாய்

உக்கிரபாண்டிக்கு மைக் கையில் இருந்தால் ஒரு பேச்சு, இல்லாவிட்டால் ஒரு பேச்சு. மைக் இல்லாதபோது மற்ற மனிதர்களைப் போல ‘வாங்க, காப்பி சாப்பிடுங்க’ என்பார். மைக்கைக் கொடுத்துவிட்டால் ‘வருகை தந்துகொண்டிருக்கும்’, ‘வீற்றிருக்கும்’, ‘விடைபெற்றுச் செல்லும்’ என்று கிளம்பிவிடுவார். செல்லூரில் பாண்டி சவுண்ட் சர்வீஸ் என்ற பெயரில் குழாய் ரேடியோ வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவரிடம்தான் வருவார்கள். குழாயோடு அவரும் சேர்ந்து வருவார் என்று தெரிந்தே வந்தார்கள்.

அது தொழில். தொழிலுக்கு மேலே ஒரு பதவியும் இருந்தது. அகில உலக சொர்ணவல்லி மில் கால்பந்தாட்ட ரசிகர் மன்றத்தின் நிறுவனத் தலைவர். அகில உலகத்தில் செல்லூரைத் தவிர வேறெங்கும் மன்றத்துக்குக் கிளை கிடையாது. கோரிப்பாளையத்தில் ஒன்று திறப்பதாக இருந்தது. திறந்துவைக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் ஹாக்கி பக்கம் சாய்ந்துவிட்டார்.

சொர்ணவல்லி மில் கோச்சடைக்கு அப்பால் ஆற்றோரம் இருந்தது. நன்றாக உதைக்கத் தெரிந்த பையன்களைத் தேடிப்பிடித்து, சம்பளம் போட்டு, காலையில் கொஞ்ச நேரம் பஞ்சுத் தூசிக்குள் நிறுத்திவிட்டு மீதிப் பொழுதெல்லாம் மைதானத்தில் ஓடவிடுவார்கள். ஒருமுறை இந்த அணி கோயம்புத்தூர் போய் ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு உக்கிரபாண்டி திறந்த ஜீப்பில் நின்று மாசி வீதிகளைச் சுற்றிவந்தார். கோப்பை அவர் கையில் இருந்தது. அதை ஜெயித்தவர்கள் ஜீப்புக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். மறுநாளே சுவர்களில் ‘கால்பந்துக் காவலர் உக்கிரபாண்டி வாழ்க’ என்று எழுதப்பட்டிருந்தது. எழுத்து அழகாகவே இருந்தது. கடைப் பலகை எழுதியதும் அதே ஆள்தான்.

அதற்கப்புறம் அணி தோற்க ஆரம்பித்தது. முதலில் போராடித் தோற்றது, பிறகு சும்மாவே தோற்றது. மைதானத்து ஓரத்தில் கீற்றுப் பந்தல் போட்டு அங்கிருந்து ஆட்டத்தை வர்ணிப்பது உக்கிரபாண்டியின் வழக்கம். அணி இறங்க இறங்க அவருடைய தமிழ் ஏறியது. ‘எதிரணியினர் காற்றின் உதவியோடு நான்காவது கோலையும் போட்டிருக்கிறார்கள்’ என்பார். ‘நமது வீரர்கள் பந்தை விட்டுக்கொடுத்துப் பெருந்தன்மையை நிலைநாட்டியிருக்கிறார்கள்’ என்பார். கேட்கிறவர்கள் கைதட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு வரவில்லை. கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வந்த மறுவருஷம் அது. செல்லூர்ச் சந்துகளில் தறிக்கட்டைகூட மட்டையாகிவிட்டது. மன்றத்துப் பையன்கள் காதில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, தலைவரைக் கண்டால் மட்டும் பாட்டுக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினார்கள்.

தலைவர் இவர்களைத் துரோகிகள் என்றார். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று அவருக்கும் இருந்தது. ஆட்டம் நடக்கும் நாளில் விடியும்போதே, போகாமலிருக்க ஒரு காரணம் தேட ஆரம்பித்துவிடுவார். போன மூன்று ஆட்டங்களுக்கும் அவர் போகவில்லை. கல்யாண வீட்டுக்கு மைக் கட்டப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே படுத்துக்கிடந்தார். அது ஆடி மாதம். ஆடி மாதத்தில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எவனும் தாலி கட்டமாட்டான்.

இப்படி ஷட்டர் பாதி இறங்கியிருந்த ஒரு மத்தியானம், சோணைமுத்து குனிந்து உள்ளே வந்தான். அணியின் கோல்கீப்பர், கேப்டனும் அவனே. கதவு உயரத்துக்கு இருப்பான். இத்தனை வருஷமாகியும் மில்லில் அவனை நிரந்தரமாக்கவில்லை. அணி இருக்கிறவரை வேலை, அவ்வளவுதான்.

“அண்ணே, தூக்கமா?”

“சேச்சே. ஆம்ப்ளிஃபயர்ல ஒரு கோளாறு, யோசிச்சுக்கிட்டிருந்தேன். ஒக்காரு தம்பி.”

சோணைமுத்து குழாய்களுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தான். “ஞாயித்துக்கெழமை முதலாளியே மேட்ச் பாக்க வாராராம்ணே. ஊர்ச்சனம் ஒருத்தரும் பாக்காத ஆட்டத்துக்கு மில்லுப் பணம் எதுக்குன்னு கேக்குறாராம். கூட்டம் இருந்தா டீம் இருக்கும். இல்லாட்டிக் கலைச்சிருவாகளாம். மேனேஜர் நேராவே சொல்லிட்டாரு.”

“கலைக்கிறதா? செயிச்சுக் காட்டுவோம் தம்பி!”

“செயிக்கவெல்லாம் வேணாம்ணே. ஆளு இருந்தாப் போதும்.”

உக்கிரபாண்டி ஒரு குழாயை எடுத்துத் தூசி துடைத்தார். கையில் மைக் இல்லை.

“டீம் போச்சுன்னா எங்களையும் கணக்கு முடிச்சு அனுப்பிருவாக. எனக்குப் பந்தைப் பிடிக்கிறதைத் தவிர வேற என்ன தெரியும்?” என்ற சோணைமுத்து, பெரியவர் மனம் வருந்திவிடுமோ என்று அவசரமாகச் சிரித்தான். “நீங்க வந்து மைக்கைப் பிடிச்சாலே பாதிக் கூட்டம் வந்திரும்ணே. மூணு ஆட்டமா நீங்க இல்லாம மைதானம் எழவு வீடு மாதிரி கெடக்கு. கல்யாணத்தை விட்டுட்டும் வரமுடியாது. நீங்களும் என்ன செய்வீக.”

அவன் முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று உக்கிரபாண்டி தேடிப்பார்த்தார். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஞாயித்துக்கெழமை ஊரையே கொண்டாந்து மைதானத்துல எறக்குறேன். இது கருப்பன் மேல சத்தியம். போ” என்றார்.

அன்று சாயங்காலமே சுருளியின் டீக்கடையில் மன்றத்தின் அவசரப் பொதுக்குழு கூடியது. சுருளிதான் செயலாளர். பொதுக்குழுவில் பாதிப்பேர் டீ குடிக்க வந்தவர்கள்.

“அண்ணே, சும்மா கூப்பிட்டா ஒரு பய வரமாட்டான்” என்றான் சுருளி, டீயை ஆற்றிக்கொண்டே. “போன தடவை டீ வாங்கித் தாரேன்னு சொல்லிக் கூப்பிட்டேன். நாலு பேரு வந்தாய்ங்க. அதுலயும் ஒருத்தன் டீயைக் குடிச்சிட்டு ஓடிட்டான்.”

“டீக்கு நாலு பேருன்னா கறிச்சோத்துக்கு எம்புட்டுப் பேரு வருவாய்ங்க?” என்றார் தலைவர்.

பொதுக்குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. டிரான்சிஸ்டர் ஒன்று தானாகவே அணைந்தது.

“அணி வெற்றிபெற வேண்டிக் கருப்பனுக்கு மூணு கிடா. மத்தியானம் விருந்து. முடிஞ்சதும் அப்பிடியே ரெண்டு லாரியில மைதானம்.”

“அருமைண்ணே!” என்றான் சுருளி. “மைதானத்துக்குப் பின்னாடியே ஆத்து மணல்ல முனியாண்டி இருக்காருல்ல. அங்கயே வெட்டிச் சோத்தைப் போட்டோம்னா கை கழுவிட்டு நடந்து போயிரலாம்.”

“ஏப்பா, மன்றத்துக்குன்னு ஒரு அந்தஸ்து இல்லையா? மணல்ல ஒக்காந்து திங்கிறதுக்கு நாம என்ன ஆத்துல குளிக்க வந்தவங்யளா? வாடிப்பட்டிக்கு அங்கிட்டு எங்க கருப்பன் கோயில் இருக்கு. அங்கதான்.”

“அது தூரமாச்சேண்ணே…”

“லாரி எதுக்கு இருக்கு?” என்று தலைவர் எழுந்துவிட்டார். அந்தக் கோயிலில் கிடாய் கொடுத்தவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வார்கள். முனியாண்டியிடம் அந்த வசதி கிடையாது. இதைச் சுருளி நினைத்துப் பார்த்தான், ஆனால் சொல்லவில்லை. கறிச்சோறு நிச்சயமான பிறகு தலைவரை எதிர்த்துப் பேசுவதற்கு மன்றத்தில் எந்தச் செயலாளரும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு லாரிகள் வந்து நின்றன. ஒரு லாரிக்கு ஆள் சேர்ந்தது. ஊரில் அன்றைக்கு ஒரு காதுகுத்து விருந்தும் இருந்தது. கறிச்சோற்றிலும் மனிதர்கள் பக்கத்தில் இருப்பதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். காலி லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, குழாயைக் கட்டிய மற்ற லாரியில் உக்கிரபாண்டி டிரைவர் காளைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ‘வெற்றிப் பயணத்தைத் தொடங்கியிருக்கும் வீரப் பெருமக்கள்’ என்று ஊர் எல்லை தாண்டும்வரை சொல்லிக்கொண்டே போனார். ரோட்டோரத்தில் நின்றவர்கள் எந்தக் கட்சி என்று விசாரித்தார்கள்.

கருப்பன் கோயில் மலையடிவாரத்தில், ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், புளியமரங்களுக்கு நடுவில் இருந்தது. பூசாரி வீரணன் கிடாய்களுக்கு மாலை போட்டு நிறுத்தித் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் பட்டதும் கிடாய் உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறவேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால்தான் கருப்பன் சம்மதித்ததாக அர்த்தம். அதுவரை அரிவாள் படக்கூடாது.

இரண்டு கிடாய்கள் உடனே துலுக்கிவிட்டன. மூன்றாவது நின்றது. தண்ணீர் தெளித்தார்கள், நின்றது. குடத்தோடு ஊற்றினார்கள், நின்றது. பூசாரி அதன் காதில் ஏதோ சொன்னார். அது மாலையை எட்டி இரண்டு பூவைத் தின்றது.

“வேண்டுதல்ல ஏதோ கொறை இருக்கு” என்றார் வீரணன். “கிடா குடுத்தவர் மனசுவிட்டுக் கேக்கணும்.”

உக்கிரபாண்டி மைக்கை எடுத்தார். “எல்லாம் வல்ல கருப்பனே! தமிழ்நாட்டுக் கால்பந்து வரலாற்றில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்து, அந்த இடத்தையும் பெருந்தன்மையோடு பிறருக்கு விட்டுக்கொடுத்திருக்கும் நமது அணி…” என்று தொடங்கினார். நிழல் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நகர்ந்தது. கிடாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை கவனமாக அவர் பேச்சை யாரும் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கடைசியில் குழாய் ‘கீஈஈ’ என்று கத்தியதும் கிடாய் பதறி உடம்பை உதறியது. “குடுத்துட்டான்யா உத்தரவு!” என்று கூட்டம் கத்தியது.

அப்புறம் உரித்து, வெட்டி, வேகவைத்து, இலை போடும்போது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது.

அந்தக் கோயிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே சமைத்ததை அங்கேயே தின்று தீர்க்கவேண்டும். எல்லைக் கல்லுக்கு வெளியே ஒரு எலும்புகூடப் போகக்கூடாது. மிச்சத்தைக் கொட்டவும் கூடாது. பந்தியில் உட்கார்ந்தவர்கள், குண்டானைக் காலி செய்து கவிழ்க்கிறவரை எல்லையைத் தாண்டக்கூடாது. இரண்டு லாரி ஆட்களுக்குச் சமைத்த கறி ஒரு லாரி ஆட்களுக்கு முன்னால் இருந்தது.

முதல் சுற்றை ஆவலோடு தின்றார்கள். இரண்டாவது சுற்றைக் கடமையாகத் தின்றார்கள். பிறகு மரத்தடியில் சாய்ந்து, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். சிலர் வாயில் எலும்போடு தூங்கிப்போனார்கள். வெற்றிவேண்டிக் கூடிய வீரப் பெருமக்கள் குறட்டை விட்டது குழாயில் நன்றாகக் கேட்டது. மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.

சுருளி இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு வந்தான். “அண்ணே, நேரம் போகுது. ஆட்டம் ஆரம்பிக்கிற நேரந்தான். குண்டான்ல இன்னும் பாதி கெடக்கு. இவிங்ய எந்திரிக்க மாட்டாய்ங்க.”

“என்னடா செய்யிறது? சாமி கட்டுப்பாடு.”

பக்கத்திலிருந்த பூசாரி வீரணன், உதவி செய்கிற நல்லெண்ணத்தில் குறுக்கே வந்தார். “அவுகளுக்குத்தானப்பா கட்டுப்பாடு. கிடா குடுத்தவரு கடைசியாத்தான சாப்பிடணும். நீங்க இன்னும் எலையில ஒக்காரலையே. போறதுன்னாப் போகலாம், சாமி குத்தம் இல்லை. பரிவட்டத்தை இன்னொரு நாள் வந்து கட்டிக்கிட்டாப் போச்சு.”

“அதானே!” என்றான் சுருளி. “நீங்க மட்டுமாச்சும் போங்கண்ணே. முதலாளிகிட்ட மன்றத்தலைவர்னு சொல்லி நாலு வார்த்தை பேசுனா ஒரு இது இருக்கும்ல. பாவம், அந்தச் சோணைமுத்து. அந்தா பாருங்க, மதுரை பஸ்ஸு.”

திண்டுக்கல் பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினால் நிற்கும். உக்கிரபாண்டி பஸ்ஸைப் பார்த்தார். பிறகு பூசாரியின் தோளில் மடித்துக் கிடந்த பட்டுத் துண்டைப் பார்த்தார். பரிவட்டம். இன்னொரு நாள் வந்தால் கட்டுவார்கள்தான், ஆனால் யார் பார்ப்பது? பஸ் நெருங்கியது. யாருமில்லாத மைதானத்தில் முதலாளிக்கு எதிரே ஒற்றை ஆளாய் நின்று ஐந்தாவது கோலுக்குக் காற்றைக் காரணம் சொல்லப்போகிற தன்னையும் அவர் ஒரு கணம் பார்த்தார்.

“எலையைப் போடுப்பா. நான் ஒக்காராம இவிங்யளுக்கும் எறங்காது” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கறி நன்றாகவே இருந்தது. அது அவருக்குப் பிற்பாடு பெரிய உறுத்தலாக இருந்தது.

குண்டானைக் கவிழ்த்து, பரிவட்டம் கட்டி, மேளம் கொட்டி, ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு லாரி கோச்சடை தாண்டி மில் மைதானத்துக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. உக்கிரபாண்டி பழக்கதோஷத்தில் மைக்கைப் பிடித்து, “இதோ வந்துவிட்டது! அலைகடலெனத் திரண்டு…” என்றார். குரல் மைதானத்தைக் கடந்து மில் சுவரில் மோதி, ‘திரண்டு… ரண்டு…’ என்று அவரிடமே திரும்பி வந்தது. மைக்கை அணைத்தார்.

மைதானத்தில் சோணைமுத்து மட்டும் இருந்தான். கோல் கம்பத்திலிருந்து வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் இரண்டிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

“வாங்கண்ணே” என்றான்.

“ஆட்டம்…?”

“முடிஞ்சிருச்சு. கோல் விழுகலைண்ணே. நம்மளும் போடலை, அவுகளும் போடலை. எல்லாத்தையும் பிடிச்சிட்டேன்.” இதைச் சொல்லும்போது அவன் முகம் ஒரு கணம் விரிந்து அடங்கியது. எல்லாத்தையும் என்பது எத்தனை, எப்படி என்று கேட்பதற்குப் பார்த்தவர்கள் யாருமில்லை.

“முதலாளி?”

“பாதியில கெளம்பிட்டாரு. ஆளுக எங்கன்னு கேட்டாரு. வந்துக்கிட்டிருக்காகன்னு சொன்னேன். அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு, வந்திருவாகன்னு சொன்னேன்.”

லாரியிலிருந்து மன்றத்தினர் ஒவ்வொருவராகக் குதிக்கமுடியாமல் இறங்கினார்கள். ஒருவர் நீளமாக ஏப்பம் விட்டார். சோணைமுத்துவின் கண் அவர்கள்மேல் போய், உக்கிரபாண்டியின் தலையில் இருந்த பட்டுத் துண்டில் நின்றது. உக்கிரபாண்டி வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். இருந்தும் வாசம் அடித்தது.

சோணைமுத்து பார்வையை வலைக்குத் திருப்பிக்கொண்டான். “வண்டி பஞ்சராண்ணே?” என்று மெதுவாகக் கேட்டான்.

உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இருந்ததில்லை. கேட்க ஒரே ஒரு ஆள்.

“ஆமா தம்பி” என்றார்.

“எந்த வண்டி பஞ்சரு?” என்று காளை பின்னாலிருந்து கிளம்பினான். “எம் வண்டியா? புது டயரு மாட்டி…” சுருளி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் மனைவி ஜெயக்கொடியிடமும் அவர் பஞ்சர் என்றுதான் சொன்னார். வழி நெடுகச் சொல்லிச் சொல்லி அவருக்கே ஓரளவு நம்பிக்கை வந்திருந்தது. ஜெயக்கொடிக்கும் பிறந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கந்தான். கறிக்கறை பட்ட வேட்டியைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, கருப்பன் கோயில்ல குண்டானைக் கவுக்காமக் கூட்டம் எந்திரிக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து அங்கதான தின்னுருக்கீக.”

“தெரியும்.”

“பெறகு?”

அவர் திண்ணைக்குப் போய்விட்டார். வேட்டியை அடித்துத் துவைக்கிற சத்தம் அங்கேயும் கேட்டது.

தெரியும். டீக்கடையில் கோயில் பெயரைச் சொன்னபோதே தெரியும். பரிவட்ட ஆசையில்தான் அந்தக் கோயிலைச் சொன்னதாகச் சுருளி நினைத்திருப்பான். உக்கிரபாண்டியும் தன்னைப்பற்றி அப்படி நினைத்துக்கொள்ளப் பார்த்தார். அது கொஞ்சம் கௌரவமான குற்றம். ஆனால் கிடாய் துலுக்காமல் நின்றபோது, அதன் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே அவர் உள்ளுக்குள் வேறொரு கூட்டத்தில் இருந்தார். அணி கலைந்துவிட்டது, தமுக்கம் மைதானத்தில் பிரிவுபசாரக் கூட்டம், மாலை, மேடை, தலைமையுரை. ‘மறைந்தாலும் மறையாத’ என்று அந்த உரையின் முதல் வரிகூடக் கிடைத்துவிட்டது. தோற்கிற அணிக்குத் தலைவராக இருப்பது எத்தனை கஷ்டம், செத்த அணிக்குத் தலைவராக இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அந்த வெயிலில் அவருக்கு நன்றாகத் தோன்றியிருந்தது. சோணைமுத்து பந்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அவனுக்கு இரங்கற்பா தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். சோணைமுத்துவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது, முடிந்தால் மேனேஜரையும் பார்த்துத் தப்பு மன்றத்துடையது, அணியுடையது இல்லை என்று சொல்வது என்று எண்ணம். மைக் இல்லாத பேச்சாகத்தான் இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டே போனார்.

மில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டக்காரர்கள் கூடி நின்றார்கள். ஆளுக்கொரு பை இருந்தது. காலையில் கணக்கு முடித்துவிட்டார்கள் என்று கேட்டில் இருந்த வாட்ச்மேனே சொன்னார். ஒருவன் திருப்பூர் போகிறான், ஒருவன் ஊருக்கு. சோணைமுத்துவுக்கு இன்னும் எங்கே என்று தெரியவில்லையாம்.

உக்கிரபாண்டியைப் பார்த்ததும் ஒரு பையன், “மன்றத்துக்காரவுக வந்திருந்தா இம்புட்டு வந்திருக்காதுல்ல” என்றான், காதில் விழும்படியாகவே.

“சும்மா இருடா” என்றான் சோணைமுத்து. “அண்ணன் என்னடா செய்வாரு? ஒரு லாரி நெறையச் சனத்தைக் கெளப்பிக் கொண்டாந்தாரு. நடுவழியில டயரு வெடிச்சிருச்சு. அந்தக் காட்டுல எவன்டா வந்து மாட்டித் தருவான்? ரோட்டுல நின்னு தவிச்சிருக்காக.”

பையன்களின் முகம் இளகியது. நம்மைப் பார்க்க ஒரு லாரி ஆட்கள் கிளம்பினார்கள், வந்து சேரத்தான் முடியவில்லை. ஊருக்குக் கொண்டுபோக அவர்களுக்கு அது ஒன்றுதான் மிச்சம் என்பது உக்கிரபாண்டிக்கு அந்த முகங்களைப் பார்த்தபிறகே புரிந்தது. பழகிக்கொண்டு வந்த பேச்சை இனி இங்கே பேசமுடியாது. சோணைமுத்துவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குத்திப் பேசிய பையன் பக்கத்தில் வந்தான். “தப்பா நினைக்காதீங்கண்ணே, தெரியாமப் பேசிட்டேன். எந்த டயருண்ணே?”

“பின் டயரு தம்பி” என்றார் உக்கிரபாண்டி. “எடதுபக்கம்.”